முதலில் அமரும் முகம்

கோடு போடுகிற வேலை கண்ணைத் தின்றுவிடும் என்று அப்போது எங்கள் வீட்டில் நம்பினார்கள்.

அம்மா நம்பினாள், அவள் நம்பியதால் வீடே நம்பியது. செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்கள் வாடகை வீடு. மாலையில் நான் சைக்கிளைச் சுவரில் சாத்துவதற்கு முன்பே அம்மா வாசலுக்கு வந்து வலக்கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள்.

“எத்தினி விரலு?”

“மூணு.”

“இப்ப?”

“ரெண்டு. நகரும்மா, கால் வலிக்குது.”

“கால் வலிச்சா தைலம் இருக்குது. கண்ணு போனா எந்தக் கடையில போய் வாங்குவேன்?”

தேர்வில் தேறிய பிறகுதான் காப்பி கிடைக்கும். இரவுச் சாப்பாட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை. வாரத்தில் ஐந்து நாள் அதே கீரை. தெருவில் யாராவது “உங்க பொண்ணு எங்க வேலைக்குப் போவுது?” என்று கேட்டால், “ஒரு கம்பெனியில டைப் அடிக்குது” என்பாள். தட்டச்சு கண்ணுக்குக் கேடில்லாத வேலை என்பது அவள் கணிப்பு. மூக்குக் கண்ணாடி ஏறிவிட்டால் பெண் பார்க்க வருகிறவர்கள் படியேற மாட்டார்கள் என்ற கவலை அதற்குள் இருந்தது என்பதை நான் வெகுநாள் கழித்தே உணர்ந்தேன்.

இந்தப் பத்தியில் சென்ற வாரம் வந்த குறிப்பைப் படித்துவிட்டு மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “தொழிற்சாலையில் படம் வரைந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?” நியாயமான கேள்வி. மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அந்த மூன்றையும் நான் இடம் மாற்றி வைத்த கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கண்ணாடித் தாளும் முகப்பவுடரும்

எழுபதுகளின் நடுப்பகுதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பெரிய கட்டுமானம் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு வேண்டிய சிறிய இரும்புச் சாமான்களைச் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் செய்து கொடுத்தன. எங்களுடையதும் அப்படி ஒன்று. கொளவாய் ஏரிக் காற்று வருகிற பக்கமாக ஒரு தகரக் கொட்டகை, முப்பது பேர், அவர்களில் பெண் நான் ஒருத்தி.

என் வேலை நகலெடுப்பது. பம்பாயிலிருந்து வருகிற படங்கள் மடிப்புகளில் கிழிந்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான். அதை இயந்திரத்துப் பக்கம் கொடுத்தால் ஒரே வாரத்தில் எண்ணெயில் ஊறிப்போகும். ஆகவே அதன்மேல், அடியில் உள்ளது தெரிகிற மெல்லிய கண்ணாடித் தாளை விரித்து, கோட்டின்மேல் கோடாக மசியில் இழுக்க வேண்டும். அப்படி இழுத்த தாளை அம்மோனியாப் பெட்டியில் போட்டு வேண்டிய பிரதிகள் எடுப்போம். அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் கொட்டும். இந்த விஷயம் மட்டும் அம்மாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடித் தாளுக்கு வியர்வை ஆகாது. கைபட்ட இடத்தில் மசி பிடிக்காது. அதனால் தாளின்மேல் முகப்பவுடரைத் தூவித் துணியால் துடைப்பேன். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருப்பேன். தவறிழைத்தால் பாதி பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி எழுத வேண்டும். சுரண்டிய தடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். என் தாள்களில் அந்தத் தடம் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

படங்களில் அந்த ஆண்டு ஒரு புதுமை புகுந்தது. அதுவரை நீளம், அகலம், குறுக்களவு என்று எண்கள் மட்டும்தான் இருக்கும். இப்போது ஆங்காங்கே நீளமான கட்டங்கள், ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல. முதல் பெட்டியில் ஒரு சின்னம். அடுத்ததில் ஒரு சிறிய எண். அதற்கடுத்த பெட்டிகளில் ஆங்கில எழுத்துகள். எனக்கு அவற்றின் பொருள் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி இழுப்பதுதான் என் வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அட்டைகளின் நடுவே வளர்ந்தவள்

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பா கிளை நூலகத்தில் இருந்தவர். எனக்கு எழுத்து கூட்டத் தெரிந்த நாளிலிருந்து, பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒரு மர அலமாரியில் நூற்றுக்கணக்கான அட்டைகள். வாசகர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தாறுமாறாகச் செருகிப் போவார்கள். அவற்றை எடுத்து வரிசைப்படுத்துவது என் விளையாட்டு. பழைய அட்டையின் வாசனையும், இழுப்பறை திரும்பிச் செருகப்படும்போது எழும் மெல்லிய உறுமலும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

தமிழ் அட்டைகள் அ, ஆ, இ என்று. ஆங்கில அட்டைகள் ஏ, பி, சி என்று. வரிசை கெட்ட ஓர் அட்டையைக் கண்டால் கைகள் தாமாகவே நீளும். அப்பா மறைந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. அஞ்சறைப் பெட்டியில்கூடக் கடுகையும் சீரகத்தையும் நான் அகரவரிசையில் வைத்தேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மையும்கூட.

திரும்பி வந்த லாரி

ஒரு பொங்கலுக்குச் சில வாரங்கள் கழித்து, கடலோரத்துக்கு அனுப்பிய இருபத்து நான்கு ஹவுசிங்குகளும் அதே லாரியில் திரும்பி வந்தன. ஹவுசிங் என்றால் சுழலும் தண்டைத் தாங்குகிற வார்ப்பிரும்புக் கூடு. தட்டையான அடிப்பகுதி, செங்குத்தாக ஒரு முன்முகம், அந்த முகத்தைக் குடைந்துகொண்டு போகிற ஒரு பெரிய துளை. கூடவே இரண்டு வரிக் கடிதம்: ‘துளை சாய்ந்திருக்கிறது. ஏற்பதற்கில்லை.’

துளையிட்டவர் தேசிங்கு. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அவர் வீட்டில் கடலுக்குப் போகாமல் இரும்புக்கு வந்த முதல் ஆள். விடியற்காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, துளை குடைகிற போரிங் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவார். என்னை “படத்தம்மா” என்பார். மற்றவர்கள் என் தாளை வாங்கும்போது எண்ணெய்க் கையை வேட்டியில் துடைப்பார்கள். அவர் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்குவார்.

மேனேஜர் சம்பந்தம் சார் கத்துகிறவர் அல்ல. அன்றும் அவர் கத்தவில்லை. திரும்பி வந்த சாமான்களின் நடுவே ஒரு முக்காலியில் அமர்ந்து, என் படத்தின் பிரதியை மடியில் விரித்திருந்தார்.

“தேசிங்கு, நெஜத்தைச் சொல்லு. பிடிச்சுக் கட்டும்போது அவசரப்பட்டியா?”

“இன்னா சார் அவசரம்? படத்துல ஏ மொதல்ல கீது. ஏ மொகத்தை டேபிள்ல ஒக்கார வெச்சேன். அப்பாலிக்கா பி-யை அணைச்சேன். கடைசியா சி-யை முட்ட வெச்சேன். மெட்ராசுல ஒரு வாரம் கிளாசு வெச்சு அப்டித்தானே சொல்லிக் குடுத்தாங்கோ? மொத எழுத்து எதுவோ அது மொதல்லன்னு?”

“படத்துலயும் ஏ-தான் மொதல்ல இருக்கு.”

“அத்தத்தான் நானும் சொல்றேன்.”

“அப்ப படம் சரி. மிஷினையும் பாத்தாச்சு, அதுவும் சரி. மீதி என்னப்பா இருக்கு?”

தேசிங்கு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “என் கையா சார்?” என்றார்.

அவரை அன்றே மிஷினிலிருந்து நிறுத்தினார்கள். மாத முடிவில் முதலாளி முடிவு சொல்வார் என்றார்கள். முடிவு என்னவாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் படப்பலகையின் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘பாவம்’ என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

கோணலாக அறுத்த சோப்பு

அந்தச் சம்பவத்தின் விளைவாகத்தான் எனக்கு அந்தச் சிறுநூல் கிடைத்தது. புதிய சின்னங்களை விளக்கும் ஆங்கிலக் கையேடு, டில்லியிலிருந்து தருவித்தது. சம்பந்தம் சார் அதை என்னிடம் கொடுத்து, “கோமதி, நீதான் புத்தகம் படிக்கிற பொண்ணு. இதைத் தமிழ்ல ஒரு அட்டையா எழுதிக் குடு. மிஷினுக்கு மிஷின் மாட்டிடலாம். இனிமே இந்த மாதிரி ஆகக் கூடாது” என்றார்.

சின்னங்கள் எனக்குச் சட்டென்று பிடித்துப்போயின. இணைகரம்போல் சாய்ந்த கட்டம் என்றால் முகம் தட்டையாக இருக்க வேண்டும். வட்டத்துக்குள் கூட்டல் குறி என்றால் துளை தன் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கடுத்த எண், எவ்வளவு தவறலாம் என்பதற்கு. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். எதுவும் துல்லியமாக அமையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு விலகினால் பொறுக்கலாம் என்று உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்பைப் பற்றி இவ்வளவு நிதானமாக யோசித்த மனிதர்கள் யார் என்று வியந்தேன்.

எழுத்துகளில்தான் தடங்கல். ஏ, பி, சி என்பவை பொருளின் முகங்களுக்கு இட்ட பெயர்கள். அளவெடுக்கும் முன் பொருளை அந்த முகங்களின்மேல் நிறுத்த வேண்டும். அது சரி, ஆனால் எந்த முகம் முதலில், எது பிறகு என்பதற்கு ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தார்கள். மூன்று முகங்களும்தானே தொடப்போகின்றன? வரிசையில் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்த பிற்பகல். கிணற்றடியில் துணி துவைக்க அமர்ந்தேன். அம்மா சலவை சோப்பை நீளக் கட்டியாக வாங்கி, நூலால் அறுத்து வைப்பாள். அவள் அறுத்த துண்டு எதுவும் நேராக இருந்ததில்லை. கையில் எடுத்த துண்டும் அப்படித்தான். நீள முகம் ஒழுங்காக இருந்தது, அறுத்த முகம் சாய்ந்திருந்தது.

அதைத் துவைகல்லின்மேல் நீளவாக்கில் வைத்துச் சுவரை நோக்கித் தள்ளினேன். சோப்பு கல்லில் நன்றாகப் படிந்தது. ஆனால் அறுத்த முகத்தின் மேல்விளிம்பு மட்டும் சுவரைத் தொட்டது. கீழே நகம் நுழையும் இடைவெளி. இப்போது மாற்றிச் செய்தேன். அறுத்த முகத்தை முதலில் சுவரோடு முழுதாக ஒட்டினேன். உடனே சோப்பின் மறுமுனை கல்லைவிட்டு எழும்பிக்கொண்டது.

இரண்டு முறையும் அதே சோப்பு, அதே கல், அதே சுவர்தான். முதலில் எதை அமர்த்தினேன் என்பது மட்டும் வேறு.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, சோப்பு கல்லில் படிந்திருக்கும்போது கல்லுக்கு இணையாக அதன் உள்ளே குத்தினேன். ஈர்க்கு படுத்த கோடுபோல் நேராக நின்றது. மறுபடி அறுத்த முகத்தைச் சுவரோடு ஒட்டினேன். ஈர்க்கு சாய்ந்தது.

‘துளை சாய்ந்திருக்கிறது. ஏற்பதற்கில்லை.’

ஈரக் கையோடு எழுந்து சைக்கிளை எடுத்தேன். “துணிய ஊற வெச்சிட்டு எங்கடி போற?” என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. பட்டறையில் காவலாளி மட்டும் இருந்தார். படப் பெட்டியைத் திறந்து பம்பாய்ப் படத்தை விரித்தேன். பெரிய துளையைச் சுட்டுகிற கட்டத்தில், எந்தக் கறையும் படாமல், தெளிவாக எழுதியிருந்தது: சி, ஏ, பி.

என் தாளில் ஏ, பி, சி.

நினைவு வந்தது. அந்தக் கட்டத்துக்கு வந்தபோது நான் சிரித்ததுகூட நினைவு வந்தது. ‘பம்பாயில் யாரோ அட்டையைத் தாறுமாறாகச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்’ என்று எண்ணி, வரிசைப்படுத்திவிட்டேன். சுரண்டிய தடம் இல்லாத தாள் அது. கடலோரத்தில் அந்தக் கூட்டை முன்முகமாகிய சி-யை வைத்துத்தான் சுவரில் பூட்டுகிறார்கள். தேசிங்கு என் சொற்படி, அடிப்பகுதியாகிய ஏ-யை முதலில் அமர்த்தித் துளையிட்டிருக்கிறார். அவர் கை அணுவளவும் பிசகவில்லை.

குப்பத்தில் ஒரு ஞாயிறு

பம்பாய்ப் படத்தையும் என் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் எங்கள் பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டு படங்களும் என் பொறுப்பில் இருந்தன. நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இதை நான் நினைக்காமல் இல்லை. ஒரு மாலை முழுவதும் நினைத்தேன். அன்று அம்மா காட்டிய விரல்களைத் தவறாகச் சொன்னேன். அவள் பயந்துபோய், அடுத்த வேளைக்கும் கீரை ஆய்ந்து வைத்தாள்.

ஞாயிறன்று மாமல்லபுரம் பஸ் ஏறினேன். சோப்பை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, குத்திய ஈர்க்கோடு பையில் வைத்திருந்தேன். சிற்பிகளின் உளிச் சத்தத்தைக் கடந்து, மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தேன். கருவாடு காய்கிற வாசனை எதிரே வந்தது.

தேசிங்கின் மனைவி அஞ்சலை வலையிலிருந்து செத்தையை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தாள். “யோவ், உன் கம்பெனியிலேர்ந்து ஒரு பொம்பள வந்துகீது.”

“அவரு எங்கங்க?”

“எங்க போவாரு? அதோ பாரு கூத்தை. தெனம் இதே வேலைதான். தம்ளர்ல தண்ணிய ரொப்பி உள்ளங்கையில வெச்சுகினு நிக்கறாரு. கை நடுங்குதான்னு பாக்கறாராம். இவரு மாமன் கடலுக்கு வான்னு கூப்புட்டா, ‘ஆடுற கைய வெச்சுகினு துடுப்பு புடிக்க மாட்டேன்’றாரு. பேஜாரா கீதும்மா.”

குடிசையின் நிழலில் அவர் நின்றிருந்தார். நீட்டிய கையில் விளிம்பு வரை நீர் நிறைந்த தம்ளர். அதில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதைப் பார்த்ததும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துவந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்கு மறந்துபோயின.

“அண்ணே, உங்க கை சரியாத்தான் இருக்கு. தப்பு என் படத்துல” என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். நான் சோப்பைப் பிரித்தேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். “ஐயே! வூட்டுக்கு வர்றவங்கோ பூவு பழம் எடுத்துகினு வருவாங்கோ. இந்தம்மா அறுத்த சோப்புல குச்சி குத்தி எடுத்துகினு வந்துகீது!”

ஒரு பலகையைத் தரையாகவும் கவிழ்த்த மீன்கூடையைச் சுவராகவும் வைத்து, கிணற்றடியில் செய்ததை அப்படியே செய்து காட்டினேன். கூடை கோணலாக இருந்ததால் முதல்முறை சரியாக வரவில்லை. தேசிங்கு எழுந்துபோய் இன்னொரு பலகை கொண்டுவந்து நிறுத்தினார். அவரே சோப்பை வாங்கி வைத்தார். மாற்றி வைத்தார். ஈர்க்கு சாய்வதைப் பார்த்தார். நான்கைந்து முறை பார்த்தார்.

“பம்பாய்ப் படத்துல சி மொதல்லயா?”

“ஆமாண்ணே.”

“நீ ஏன் மாத்துனே?”

“வரிசையா இருக்கட்டும்னு.”

அவர் சிரிப்பார் அல்லது ‘பரவாயில்லை’ என்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை.

“பத்து நாளும்மா. பத்து நாளு என் கையவே நான் நம்பல. சோறு அள்ளும்போதுகூட கையத்தான் பாத்துகினு இருந்தேன். வேல போறது கூடப் பெரிசில்ல. கைய நம்பாம எப்டி இருக்கறது? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.”

பலகையில் உதிர்ந்த சோப்புத் துகள்களை நான் செய்தித்தாளில் கூட்டிப் போட்டேன். பிறகு அவர் சோப்பின் அறுத்த முகத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்: “மொதல்ல குந்துற மொகம்னு சொல்லு. அதானே சமாச்சாரம்? எது மொதல்ல குந்துதோ அதுக்குத்தான் மத்ததெல்லாம் அடங்கும். இத்த மெட்ராசு கிளாசுல சொல்லவே இல்லியே.”

கையேட்டின் அந்த ஒரு பக்கத்துக்கு நான் தேடிக்கொண்டிருந்த தமிழ் அதுதான். எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது சோப்பை எடுக்கப் போனேன். அஞ்சலை முந்திக்கொண்டாள். “அது இங்கேயே கெடக்கட்டும். பத்து நாளா இவரு சட்டை தோய்க்கவே இல்ல” என்றாள்.

“மங்கலா இருந்துச்சா?”

வீட்டில் சொன்னேன். அம்மா மடியிலிருந்த முறத்தைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, அதுவரை எந்த அயலாரிடமும் அவள் உச்சரித்திராத வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

“கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லிடு கோமு. பாவம் பொண்ணுன்னு விட்டுடுவாங்க.”

என் கண்ணின் நல்ல பெயரைக் காப்பாற்ற அத்தனை கீரை ஆய்ந்தவள், என் வேலையைக் காப்பாற்ற அந்தப் பெயரைக் கைவிடத் துணிந்தாள். அந்த வாக்கியத்தின் விலையை அன்று நான் அறியவில்லை.

திங்களன்று இரண்டு படங்களையும் சம்பந்தம் சாரின் மேசையில் அருகருகே விரித்தேன். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தப் பட்டறையில் ஒரு பெண்ணை அமர்த்த முதலாளியோடு வாதாடியவர் அவர். வெளியே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தேசிங்கின் இயந்திரம் மட்டும் சாக்கு போர்த்தி நின்றது.

“ஏம்மா, பம்பாய்ப் படம் மங்கலா இருந்துச்சா? மடிப்புல வந்துடுச்சா எழுத்து?” என்று மெல்லக் கேட்டார். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

“இல்லைங்க சார். தெளிவா இருந்துச்சு. எனக்குக் கண்ணும் நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் மாத்தினேன். தேசிங்கு அண்ணன் என் படத்துப்படி செஞ்சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

சொன்னேன். முதலாளியின் வசவு என் காதில் விழவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு மாதம் என்னைப் படப்பலகையிலிருந்து இறக்கிக் கருவி அறையில் உட்கார வைத்தார்கள். வேலையைவிட்டு நீக்காதது சம்பந்தம் சாரின் உபயம்.

தேசிங்கு மறுநாள் வந்தார். மிஷினின் சாக்கை எடுத்தார், தொட்டுக் கும்பிட்டார். திரும்பி வந்த கூடுகளைத் துளையை ஆதாரமாகப் பிடித்துக் கட்டி, முன்முகத்தை மெல்லியதாகச் சீவி நேராக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். கனம் போதாத ஆறு கூடுகள் உருக்கப் போயின. பதினெட்டு பிழைத்தன. அவை கடலோரத்தில் மறுபடி தங்கள் முன்முகத்தால் அமர்ந்தன. எந்தக் கடிதமும் வரவில்லை.

அதன்பின் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் வரைந்த எந்தத் தாளும் அம்மோனியாப் பெட்டிக்குப் போகும் முன், தேசிங்கு பம்பாய்ப் படத்தைப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுவார். பிறகு தாளின் மூலையில் கையெழுத்து இடுவார். தாளில் அவர் விரல் பட்ட தடத்தை மட்டும் நான் பவுடர் தூவித் துடைக்க மாட்டேன். அவர் என்னோடு முன்போலப் பேச ஒரு வருடம் ஆயிற்று. அவசரப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை என்று காத்திருந்தேன்.

இயந்திரங்களின்மேல் மாட்டிய அட்டையில் ‘முதலில் அமரும் முகம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் எல்லோரும் ‘குந்துற மொகம்’ என்றுதான் சொன்னார்கள்.

இருப்பவர்கள்

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். சம்பந்தம் சார் ஓய்வு பெற்று ஊரோடு போனார், அங்கேயே மறைந்தார். அம்மா கடைசிக் காலத்தில் கண்புரையால் என் முகம் தெரியாமல் இருந்தாள், குரலை வைத்து நான்தான் என்று அறிந்துகொண்டு, “எத்தினி விரலு?” என்று கேட்பாள். நான் சொல்வேன். தன் கையே கண்ணுக்குத் தெரியாதவள், நான் சொன்னது சரி என்று தலையாட்டுவாள். எனக்குக் கண்ணாடி இன்றும் படிப்பதற்கு மட்டும்தான்.

தேசிங்கு போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. செய்தி கேட்டுக் குப்பத்துக்குப் போனபோது, அவர் கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கைகளை நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் அங்கே முதன்முறை போய் வந்த நாளிலிருந்து அந்தக் குப்பத்தில் எனக்கு ‘சோப்பம்மா’ என்று பெயர். தேசிங்கும் பிற்காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டார். அவருடைய தங்கைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகக் குறைந்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடக்கும்போது, தூரத்திலிருந்து அந்தப் பெயரால் என்னை அழைக்க இப்போது அஞ்சலை மட்டும் இருக்கிறாள்.